குக்கர், கேஸ்கட், விசில்: குரூசர் பைக்கின் சக்கரம் எப்படி இயங்குகிறது?

புதிதாக குரூசர் வாங்கியவர் டயர் கடைக்கு வந்து கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "பின்னாடி இன்னும் கொஞ்சம் குண்டா ஒரு டயர் போடலாமாண்ணே?" கடைக்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "போடலாம் தம்பி" என்பார். போடலாம்தான். போட்ட பிறகு வண்டி என்ன செய்யும் என்பதை மட்டும் அந்த நேரத்தில் இருவருமே பேசுவதில்லை. நாம் பேசுவோம். அதற்கு முன்னால் சக்கரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். வீட்டில் ஒரு பிரஷர் குக்கர் இருந்தால் முக்கால்வாசி புரிந்துவிடும்.

உதாரணத்துக்கு ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350-ஐ எடுத்துக்கொள்வோம். நம்மூர் வண்டி, சென்னைப் பக்கம் தயாராகி 2020 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. தாழ்ந்த இருக்கை, நீளமான உடல், முன்னால் நீட்டி வைத்துக்கொள்ளும் கால் என்று குரூசருக்கு உரிய எல்லாமும் இதில் உண்டு. எடை 191 கிலோ. ஓட்டுகிறவர், பின்னால் ஒருவர், ஒரு பை என்று ஏறிவிட்டால் 330 கிலோவைத் தொட்டுவிடும்.

முதலில் ஒரு கேள்வி. இந்த 330 கிலோவைத் தாங்குவது எது? ரப்பர் என்றுதான் தோன்றும். காற்றைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள், அதே ரப்பர் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் துவண்டு கிடக்கும். தாங்குவது காற்று. அந்தக் காற்றை அடைத்துவைக்க ரிம்மும் டயரும் சேர்ந்து ஒரு பாத்திரமாகின்றன. சென்னை திருவொற்றியூரில் 1946-ல் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்யத் தொடங்கியவர்கள்தான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர்க்காரர்கள் ஆனார்கள். யோசித்தால் அவர்கள் தொழிலை அவ்வளவாக மாற்றிக்கொள்ளவே இல்லை.

இப்போது குக்கருக்கு வருவோம். சில குக்கரில் மூடியைச் சாய்த்து உள்ளே விட்டு, திருப்பி, உள்ளிருந்து மேலே தூக்கி மாட்டுவோம் இல்லையா, அந்த ரகம். அதில் ஆவி ஏற ஏற மூடி விளிம்போடு இன்னும் இறுகும். டியூப்லெஸ் டயரும் அப்படியே. ரிம் பாத்திரம், டயர் மூடி. டயரின் இரண்டு ஓரத்திலும் தடித்த ஒரு விளிம்பு ஓடும். உள்ளே எஃகுக் கம்பி வளையம் வைத்து ரப்பரால் மூடியது. டயர்க்காரர்கள் அதை பீட் என்பார்கள். நம் கணக்கில் அதுதான் கேஸ்கட். காற்று ஏறும்போது அந்த விளிம்பு ரிம்மின் சரிவில் வழுக்கி ஏறி, 'டப்' என்று ஒரு பக்கம், 'டப்' என்று மறுபக்கம் உட்காரும். கடையில் நின்று பார்த்தவர்கள் அந்தச் சத்தத்துக்கு ஒருமுறையாவது திடுக்கிட்டிருப்பார்கள். உட்கார்ந்த பிறகு காற்றின் அழுத்தமே அதை ரிம்மோடு பிடித்து வைத்துக்கொள்ளும். பசை, போல்ட் எதுவும் கிடையாது.

டியூப்லெஸ் ரிம்மில் இன்னொரு சின்ன ஏற்பாடு உண்டு. பீட் உட்காரும் இடத்துக்கு உட்புறமாக ஒரு மெல்லிய மேடு சுற்றிலும் ஓடும். காற்று குறைந்தாலும் விளிம்பு சட்டென்று நடுப்பள்ளத்தில் நழுவிவிடாமல் அந்த மேடு தடுக்கும். டியூப் டயருக்கான சாதாரண ரிம்மில் இது இருக்காது. ஆகவே, டியூப்லெஸ் டயரை வாங்கி அந்த ரிம்மில் டியூப் இல்லாமல் ஓட்டப் பார்ப்பது வேண்டாத வேலை. மாட்டுவதென்றால் உள்ளே டியூப் வைத்துத்தான் மாட்ட வேண்டும்.

ஐந்து லிட்டர் மூடி மூன்று லிட்டர் பாத்திரத்தில் உட்காராது. அதனால் தேர்வு டயரில் தொடங்காது, ரிம்மில்தான் தொடங்கும்.

மீட்டியார் முதலில் அலாய் சக்கரத்தோடு மட்டும்தான் வந்தது. 2023-ல் அரோரா என்ற பெயரில் போக்ஸ் கம்பி வைத்த சக்கரத்தோடும் வந்தது. அதே என்ஜின், அதே சட்டகம், சக்கரம் மட்டும் வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்ல வசதி.

போக்ஸ் கம்பியைப் புரிந்துகொள்ள கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கயிற்றைத் தனியாக எடுத்தால் அதன் மேல் ஒரு சொம்பைக்கூட நிறுத்த முடியாது. எல்லாக் கயிற்றையும் இழுத்துக் கட்டிவிட்டால் தாத்தா படுத்து உருளலாம். கம்பிச் சக்கரமும் இழுவையில்தான் நிற்கிறது. நடுவில் இருக்கும் ஹப்பை எல்லாத் திசையிலிருந்தும் கம்பிகள் ஒரே அளவில் இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஒரு பக்கம் இழுவை குறைந்தால் ரிம் மறுபக்கம் ஒதுங்கும். சக்கரம் சுற்றும்போது நெளியும். அப்போது மெக்கானிக் சக்கரத்தைத் தூக்கி வைத்து, ஒரு சாக்பீஸை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துச் சுற்றுவார். எங்கே கோடு விழுகிறதோ அங்கே ரிம் ஒதுங்கியிருக்கிறது. அந்த இடத்துக் கம்பிகளின் நிப்பிளை ஒரு பக்கம் தளர்த்தி, எதிர்ப்பக்கம் முறுக்கி நேராக்குவார். கோட்டம் எடுப்பது என்று சைக்கிள் கடைக் காலத்திலிருந்தே நமக்குத் தெரிந்த வேலைதான். நன்றாகக் கோட்டம் எடுக்கத் தெரிந்தவர்கள் இப்போது குறைந்துவருகிறார்கள். உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல். கம்பி மாட்ட ரிம்மின் நடுவில் வரிசையாக ஓட்டை போட்டிருப்பார்கள். பாத்திரம் சல்லடையாகிவிட்டது, காற்று நிற்காது. எனவே உள்ளே ஒரு டியூப். ஆணி குத்தினால் டியூபிலிருந்து காற்று மளமளவென்று இறங்கிவிடும். சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, டியூபை எடுத்து ஒட்டிய பிறகுதான் கிளம்ப முடியும். டியூப்லெஸ்ஸில் ஆணி அங்கேயே இருந்து ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொள்ளும். காற்று மெல்ல இறங்கும். சக்கரத்தைக் கழற்றாமலே ரப்பர் திரியைச் செருகிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஓட்டை டயரின் நடுப்பகுதியில் இருந்தால்தான் இந்தச் சௌகரியம். பக்கச்சுவரில் குத்தியிருந்தால் புது டயர்தான்.

அலாய் சக்கரம் அலுமினியக் கலவையை அச்சில் வார்த்தது. கோட்டம் எடுக்கும் வேலை கிடையாது, துடைப்பதும் சுலபம். வேகமாகப் போய்ப் பள்ளத்தில் இறங்கினால் மட்டும் விளிம்பு மடங்கலாம், மோசமானால் விரிசல் விடலாம். விரிசல் விட்ட அலாயை வெல்டு வைத்து ஒட்டித் தருகிறேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள்.

என்னைக் கேட்டால், சென்னை–திருச்சி மாதிரி நெடுஞ்சாலையில்தான் வண்டி அதிகம் ஓடும் என்றால் அலாயும் டியூப்லெஸ்ஸும். பழைய வண்டியின் அழகுதான் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கம்பி கம்பியாகத் துடைக்கவும் பொறுமை இருக்கிறது என்றால் கம்பிச் சக்கரம். இரண்டும் சேர்ந்த ஏற்பாடும் இப்போது உண்டு. ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450-க்குக் கம்பிச் சக்கரத்திலேயே டியூப்லெஸ் கிடைக்கிறது. அதற்கு ரிம்மையே வேறு மாதிரி செய்ய வேண்டும். இருக்கிற ரிம்மின் ஓட்டைகளை உள்ளே பசை தடவி அடைத்து டியூப்லெஸ் ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். என் குடும்பத்தார் யாரும் அப்படி ஆக்கிய வண்டியில் நெடுஞ்சாலைக்குப் போவதாக இருந்தால் சாவியை ஒளித்துவைப்பேன்.

ரிம் முடிவானதும் அடுத்தது அளவு. மீட்டியாரின் பின் டயரில் 140/70-17 என்று இருக்கும். முதல் எண் அகலம், 140 மில்லிமீட்டர். இரண்டாவது எண் டயரின் பக்கச்சுவர் உயரம். ஆனால் மில்லிமீட்டரில் இல்லை, அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. 140-ல் 70 சதவீதம் என்றால் 98 மில்லிமீட்டர். மூன்றாவது ரிம்மின் விட்டம், 17 அங்குலம். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றையும் கலந்து எழுதியவர்கள் யார் என்று கோபம் வருவது நியாயம்தான். பழைய ஹார்லி வாங்கினால் இன்னும் வேடிக்கை: அதில் எம்.டி.90பி16 என்று எழுத்தும் எண்ணுமாக இருக்கும். சுமாராக 130/90-16 என்று எடுத்துக்கொள்ளலாம்.

முன் டயர் 100/90-19. பின்னதைவிட ஒல்லி, ஆனால் உயரம். ஏன் இப்படி? குரூசரில் உட்காருகிறவர் தாழ்வாகவும் பின்தள்ளியும் உட்காருகிறார். பின்னால் இருப்பவர், பை, எல்லாமே பின் சக்கரத்தின் மேல். இருக்கையைத் தாழ்த்த வேண்டும் என்றால் கீழே இருக்கும் சக்கரத்தைச் சின்னதாக்க வேண்டும். சக்கரம் சின்னதானால் காற்று இருக்கும் இடம் குறையும். அதை அகலத்தால் ஈடுகட்டுகிறார்கள். முன்னால் அந்தச் சுமை இல்லை. அங்கே பெரிய, ஒல்லியான சக்கரம் இருந்தால் நேர்கோட்டில் நிதானமாகப் போகும், சின்னப் பள்ளங்களில் இறங்காமல் மேலாகவே தாண்டிவிடும். அதே நிறுவனத்தின் சூப்பர் மீட்டியார் 650-ல் முன்னால் அதே 100/90-19, பின்னால் 150/80-16. எடை கூடியதும் பின்னால் ரிம் சிறுத்து, டயர் தடித்திருக்கிறது. பஜாஜ் அவெஞ்சர் 220 குரூஸில் பின் ரிம் 15 அங்குலம்தான்.

சரி, அந்தக் குண்டு டயர் கேள்விக்கு வரலாம். கேட்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம், "அகலமா இருந்தா ரோட்டை நல்லாப் பிடிக்கும்". ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பேர் ஏறிய மீட்டியாரின் பின் சக்கரத்தில் 200 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று 36 பாயிண்ட். அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோ. 200-ஐ இரண்டரையால் வகுத்தால் 80 சதுர சென்டிமீட்டர். ரோட்டைத் தொட்டுக்கொண்டிருப்பது அவ்வளவுதான், ஏறக்குறைய ஒரு உள்ளங்கை. இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கேயாவது வந்ததா? வரவில்லை. எடையும் காற்றும்தான் வந்தன. ரப்பரின் விறைப்பால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அடிப்படை இதுதான். ஒரு கரண்டி மாவை ஊத்தப்பமாக வட்டமாகவும் ஊற்றலாம், நீட்டி முட்டை வடிவமாகவும் ஊற்றலாம். வடிவம்தான் மாறும், மாவு அதே ஒரு கரண்டி. அகல டயரில் ரோட்டைத் தொடும் இடம் குறுக்கே நீண்டு, நெடுக்கே குறுகும். பரப்பு பெரிதாக மாறாது.

மாறுகிற விஷயங்கள் வேறே உண்டு. 140-ஐ எடுத்துவிட்டு 150/70-17 போடுகிறீர்கள். பக்கச்சுவர் 98-லிருந்து 105 மில்லிமீட்டர் ஆகிறது. ஆக, வண்டியின் பின்பக்கம் ஏழு மில்லிமீட்டர் தூக்கும். சுற்றளவு ஏறக்குறைய 1972-லிருந்து 2016 மில்லிமீட்டர் ஆகும். முன்பு ஒரு கிலோமீட்டருக்கு 507 முறை சுற்றிய சக்கரம் இனி 496 முறை சுற்றும். அதாவது கியரின் பல் கணக்கைத் தொடாமலே கியரை மாற்றிவிட்டீர்கள். ஏற்றத்தில் வண்டி கொஞ்சம் சோம்பல் படும். ஏ.பி.எஸ். வேறு இரண்டு சக்கரமும் எத்தனை முறை சுற்றுகின்றன என்று ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் எது வழுக்குகிறது என்று கண்டுபிடிக்கிறது. அந்தக் கணக்கையும் கலைக்கிறோம்.

அதைவிட முக்கியம் ரிம்மின் அகலம். ரிம்மிலேயே எம்.டி. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு எண் வார்த்திருக்கும். ரிம் எத்தனை அங்குல அகலம் என்று அது சொல்லும். ஒவ்வொரு டயருக்கும் இந்த அகலத்திலிருந்து இந்த அகலம் வரை ரிம் இருக்கலாம் என்று டயர் நிறுவனம் அட்டவணை போட்டிருக்கும். குறுகிய ரிம்மில் பெரிய டயரை மாட்டினால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு, நடு முதுகு கூம்பி நிற்கும். பார்க்கக் குண்டு, நேராகப் போகும்போது ரோட்டைத் தொடுவது அந்தக் கூம்பிய நடுப்பகுதி. வளைவில் சாய்க்கும்போது வண்டி முதலில் அடம்பிடித்து, பிறகு சட்டென்று விழும். ஹார்லி பிரேக்அவுட், டிரையம்ப் ராக்கெட் 3 வண்டிகளில் 240 மில்லிமீட்டர் பின் டயர் இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே ரிம்மும் சட்டகமும் அந்த அகலத்துக்கென்றே செய்யப்பட்டவை. அப்படிச் செய்தும் அந்த வண்டிகள் வளைவில் கொஞ்சம் உழைக்க வைக்கும்.

அளவுக்குப் பக்கத்திலேயே 66பி என்பதைப் போல இன்னொரு குறி இருக்கும். இதை யாரும் பார்ப்பதில்லை. 66 என்பது சுமைக் குறியீடு, கிலோ இல்லை. அட்டவணையில் பார்த்தால் அந்த ஒரு டயர் 300 கிலோ தாங்கும் என்று அர்த்தம். 57 என்றால் 230 கிலோ, 71 என்றால் 345. 'பி' வேகத்தின் எல்லை, மணிக்கு 150 கிலோமீட்டர். 'எச்' என்றால் 210. புது டயரில் இந்த இரண்டும் பழையதைவிடக் குறையக் கூடாது, கூடலாம். அளவு ஒன்றாக இருக்கிறதே என்று சுமைக் குறியீடு குறைந்த டயரைக் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் பெட்டி தொங்கவிட்டுக் கொடைக்கானல் ஏறுகிறவர்கள் உண்டு.

அடுத்து ரப்பர். முறுக்கு மாவில் வெண்ணெய் கூடினால் வாயில் வைத்ததும் கரையும்; ஆனால் டப்பாவில் போட்டு ஊருக்கு எடுத்துப்போனால் பொடியாகக் கிடக்கும். குறைத்தால் பத்து நாள் தாங்கும், பல்தான் வலிக்கும். டயர் ரப்பரும் இந்தப் பேரம்தான். மென்மையான கலவை ரோட்டைக் கவ்வும், சீக்கிரம் தேயும். கெட்டியான கலவை நெடுநாள் ஓடும், மழையில் வழுக்கும். குரூசர் நெடுந்தூரம் நேராக ஓடுகிற வண்டி. டயரின் நடுப்பகுதிதான் முதலில் தேய்ந்து தட்டையாகும். அதனால் நடுவில் கெட்டியும் இரண்டு தோளிலும் மென்மையுமாக இரண்டு கலவை வைத்துச் செய்கிற டயர் கிடைத்தால் குரூசருக்கு நல்ல பொருத்தம். மேலே இருக்கும் வெட்டுகளைப் பார்த்து டயர் வாங்குவது நம் பழக்கம். காய்ந்த தார் ரோட்டில் அந்த வெட்டுகளுக்குப் பெரிய வேலை இல்லை. மழையில் அடியில் சேரும் தண்ணீரை ஒதுக்கத்தான் அவை. பட்டன் பட்டனாக இருக்கும் மண் ரோட்டு டயரை குரூசரில் போட்டால், அறுபதைத் தாண்டியதும் வண்டி தேனீக்கூடு மாதிரி இரையும்.

டயரின் பச்சை உருவத்தைச் சூடான அச்சுக்குள் வைத்து, உள்ளிருந்து அழுத்தித்தான் வேகவைக்கிறார்கள். பணியாரக் குழியில் எண்ணெய் தடவுவதைப் போல, அச்சில் ஒட்டாமல் இருக்க ஒரு பூச்சு தடவுவார்கள். அந்த வழவழப்பு புது டயரில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதனால்தான் முதல் 150 கிலோமீட்டர் வரை படுக்கப்போட்டு வளைக்காதீர்கள், பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள் என்று சொல்கிறார்கள்.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன் டயரின் பக்கச்சுவரைக் கையால் சுற்றித் தடவுங்கள். ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. இரண்டு மூன்று வருடமாக வெயில் படும் இடத்தில் தொங்கிய டயரைத் தள்ளுபடி என்று கட்டப் பார்ப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஓர் அம்புக்குறி இருக்கும், சக்கரம் சுற்றும் திசையை அது காட்ட வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம். வால்வுக்கு நேராக அதை வைத்து மாட்டச் சொல்லுங்கள். வால்வின் எடையும் டயரின் குறையும் ஒன்றையொன்று ஈடுகட்டும். டியூப்லெஸ் என்றால் டயரோடு வால்வையும் மாற்றிவிடுங்கள். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்த பழைய ரப்பர் வால்வில் காற்று கசியும்.

இனி காற்று. குக்கர் விசில் அடித்துச் சொல்லும், டயர் சொல்லாது. எத்தனை பாயிண்ட் என்று வண்டியின் கையேட்டிலும், பல வண்டிகளில் பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் இருக்கும். தனியாகப் போனால் ஓர் அளவு, இருவர் போனால் பின் டயருக்குக் கூடுதல். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பது அது தாங்கும் உச்சம். அதைப் பார்த்து அடித்துவிடாதீர்கள். பெட்ரோல் பங்க் வரை ஓட்டிக்கொண்டு போவதற்குள் டயர் சூடாகிவிடும். பத்து டிகிரி ஏறினால் சுமார் ஒன்றரை பாயிண்ட் ஏறும். ஆகவே காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் வீட்டிலேயே அளப்பதுதான் சரி. சின்ன கேஜ் ஒன்று வாங்கி வைத்தால் போதும். நைட்ரஜன் அடித்தால் நல்லதா என்று கேட்பார்கள். சும்மா கிடைக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் சூடாகுமே, அந்தச் சூடு. வெயில் நேரத்தில் பாரத்தோடு நெடுஞ்சாலையில் போகும்போது டயர் வெடிக்கப் பெரிய காரணம் இதுதான்.

டயர் மாற்றப் பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது செயினின் இழுவையும் மாறியிருக்கும். அச்சின் இரண்டு பக்கமும் கோடு கோடாக அடையாளம் வெட்டியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்த பிறகு நட்டை இறுக்கச் சொல்லுங்கள். ஒரு கோடு தள்ளி நின்றாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், புது டயர் ஓரம் தேயும். செயின் எத்தனை மில்லிமீட்டர் தளர்வாக இருக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கிறது. ஒரு ஸ்கேலை வைத்து அளந்துவிட்டே கடையைவிட்டுக் கிளம்புங்கள்.